ஓட்டிசம்: பெயரும் புதுநாகரிகமும்

தோற்றுவாய்

மருத்துவ நூல்களுள் மாத்திரம் வழங்கிய சொற்கள் சில, நாளடைவிலே சந்தைக்கும் சபைக்கும் வந்து எல்லார் நாவிலும் பயில்வதுண்டு. அங்ஙனம் அண்மைக் காலத்திலே நம்மிடை வந்து சேர்ந்த சொற்களுள் ஒன்று ‘ஓட்டிசம்’ என்பது. இருபது ஆண்டுகளுக்கு முன்னர் வன்னி நாட்டிலே இச்சொல்லைக் கேட்டறிந்தார் மிகச் சிலரே. இன்றோ, பேசத் தாமதிக்கும் குழந்தையை நோக்கியும், தனித்திருந்து படிக்கும் மாணவனை நோக்கியும், ஒழுங்கிலே மிகுந்த பற்றுடைய உத்தியோகத்தரை நோக்கியும் இச்சொல் எளிதாக எடுத்து வீசப்படுகின்றது. புலம்பெயர்ந்து வாழும் நம்மவர் வீடுகளிலே வளர்ந்த பிள்ளைகள் தாமே தமக்கு இப்பெயரைச் சூட்டிக்கொள்ளுதலும் உண்டு. இவற்றைக் காண்போர், “இஃது இக்காலத்துப் புதுநாகரிகம், முன்னாளில் இல்லாத ஒன்று இந்நாளில் எங்கிருந்து வந்தது?” என வினவுகின்றனர்.

இவ்வினாவை நகைத்து ஒதுக்குதலும் தகாது. வினாவையே விடையாகக் கொள்ளுதலும் தகாது. விடை பிழைப்பின் அதன் பயனை அனுபவிப்பவர் வினவியவர் அல்லர். வகுப்பறையின் கடைசி வாங்கிலே தனித்திருக்கும் ஒரு பிள்ளையே. ஆதலின், பெயர் பிறந்தவாறும், எண் பெருகியவாறும், நாகரிகம் என்னும் குற்றச்சாட்டு எவ்விடத்துப் பொருந்தும் என்பதும், நமது வன்னியின் நிலையும் முறையே ஈண்டு ஆராயப்படும்.

பெயர் பிறந்தவாறு

பெயர்களை இடுகுறிப்பெயர், காரணப்பெயர் என இருவகையாக்கிக் கூறுவர் நன்னூலார். காரணம் கருதாது பெரியோர் இட்டு வழங்கியது இடுகுறி. காரணம் பற்றி வருவது காரணப்பெயர். மருத்துவர் ஒருவர் ஒரு பிள்ளையின் நிலைக்குத் தரும் பெயர் எஞ்ஞான்றும் காரணப்பெயராகவே இருத்தல் வேண்டும். கண்ட குறிகளும் ஆராய்ந்த முறையும் அதன் பின்னே நிற்றல் வேண்டும். காரணம் மறைந்து பெயர் மாத்திரம் கையிலிருந்து கைக்கு மாறும்போதுதான் ‘நாகரிகம்’ என்னும் ஐயம் பிறக்கின்றது.

‘ஓட்டோஸ்’ என்பது கிரேக்க மொழியிலே ‘தான்’ எனப் பொருள்படும். சுவிற்சலாந்து நாட்டு மனநோய் வைத்தியர் யூஜின் புளூலர் 1911ஆம் ஆண்டிலே, தம்முள்ளே ஒடுங்கிவிட்ட மனநோயாளரின் ஒரு தன்மையைக் குறிக்க இவ்வடியினின்று ‘ஓட்டிசம்’ என்னும் சொல்லை வழங்கினார். 1925இலே மொஸ்கோ நகரில் குறூனியா சுகரேவா என்னும் பெண் வைத்தியர் ஆறு சிறுவரின் இயல்புகளை விரித்தெழுதினார். இன்று நாம் ஓட்டிசம் எனக் கொள்ளும் குறிகள் பல அவ்வெழுத்திலே காணக்கிடக்கின்றன. 1943இலே அமெரிக்காவின் பால்ற்றிமோர் நகரில், ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த லியோ கனர் என்பார் பதினொரு பிள்ளைகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். 1944இலே வியன்னாவில் ஹான்ஸ் அஸ்பேர்கர், பேச்சுவன்மை உடையராயினும் பிறரோடு ஒன்றியொழுக மாட்டாத சிறுவரைப் பற்றி எழுதினார். எனவே, இந்நிலை நேற்றுத் தோன்றியதன்று. நூறாண்டுகளாக எழுத்திலே உள்ளது. எழுத்துக்கு முன்னரும் மக்களிடை இருந்ததென்பதை ஊகித்தல் அரிதன்று. நமது ஊர்களிலே ‘ஒரு மாதிரியான பிள்ளை’ என்று கூறி விட்டுவிடப்பட்டோருள் இத்தகையோரும் இருந்திருப்பர்.

பெயர் வெறும் அணிகலன் அன்று என்பதற்கு வியன்னாவின் வரலாறே சான்று. நாற்சி ஆட்சியின்போது அந்நகரின் ஸ்பீகல்குறுண்ட் என்னும் நிலையத்திலே, ‘பயனற்ற உயிர்’ எனக் கருதப்பட்ட பிள்ளைகள் ஏறத்தாழ 789 பேர் உயிரிழந்தனர். அஸ்பேர்கர் தாமே சில பிள்ளைகளை அந்நிலையத்துக்கு அனுப்பியமையை ஹேர்விக் செக் என்னும் வரலாற்றறிஞர் 2018இலே ஆவணங்களைக்கொண்டு வெளிப்படுத்தினார். ஒரே மேசையிலே, ஒரு பிள்ளைக்கு எழுதிய குறிப்பு வாழ்வுக்கு வழியாயிற்று. மற்றொரு பிள்ளைக்கு எழுதிய குறிப்பு சாவுக்கு வழியாயிற்று. இதனை அறிந்தோர் இப்பெயரை விளையாட்டாக வழங்கார்.

நிற்க. தமிழிலே இதற்கு வழங்கும் பெயர்களையும் சிறிது நோக்குவாம். தமிழ்நாட்டு அரச வழக்கிலே ‘புற உலகச் சிந்தனையற்ற மதியிறுக்கமுடையோர்’ என்னும் நீண்ட தொடர் காணப்படுகின்றது. இத்தொடர் பொருந்துமா? ஓட்டிசமுடைய பிள்ளைகள் பலர் புற உலகை உணராதவர் அல்லர்; மிகையாக உணர்பவர். பாடசாலை மணியின் ஓசையும், மின்விளக்கின் ஒளியும், உடுப்பின் தையலும் அவர்க்குத் தாங்கொணா வருத்தம் தருதல் உண்டு. ‘மதியிறுக்கம்’ என்னும் சுருங்கிய பெயரும் அறிவு இறுகிப்போயிற்று என்னும் பிழையான எண்ணத்தை விளைக்கக்கூடும். ஆதலின் இக்கட்டுரையிலே நமது நாட்டில் வழங்கும் ‘ஓட்டிசம்’ என்னும் சொல்லே ஆளப்படுகின்றது. இதன் வகை பலவாதலின், அறிஞர் இதனை ஒளியின் நிறமாலைக்கு ஒப்பிடுவர். ஒரு முனையிலே ஒரு சொல்லும் பேசாது வாழ்நாள் முழுவதும் பிறர் துணையை வேண்டும் பிள்ளை உளது. மறுமுனையிலே பல்கலைக்கழகப் பட்டம் பெற்றும், நண்பர் நடுவே நாவெழாது வருந்தும் இளைஞன் உளன்.

எண் பெருகியவாறு

ஐக்கிய அமெரிக்காவிலே எட்டு வயதுப் பிள்ளைகளைக் கணக்கெடுத்து வருகின்றனர். 2000ஆம் ஆண்டுக் கணக்கிலே 150 பேருக்கு ஒருவராக இருந்தது, 2022ஆம் ஆண்டுக் கணக்கிலே 31 பேருக்கு ஒருவராயிற்று. ஐக்கிய இராச்சியத்திலே 1998இற்கும் 2018இற்கும் இடையிலே புதிதாகப் பதியப்பட்டோர் தொகை ஏறத்தாழ ஒன்பது மடங்காயிற்று. இவ்வெண்களைக் கண்டோர் ‘கொள்ளைநோய்’ என்று அஞ்சினர் சிலர். ‘நாகரிகம்’ என்று இகழ்ந்தனர் சிலர். இருசாராரும் ஒன்றை மறந்தனர். அளக்கப்படும் பொருள் மாறாதிருப்பினும் அளவுகோல் மாறினால் எண் மாறும்.

அளவுகோல் மாறியவாறு காண்க. அமெரிக்க மனநோய் வைத்தியர் சங்கத்தின் கைந்நூலிலே 1980இலேதான் ஓட்டிசம் தனியிடம் பெற்றது. அன்று அதன் வரையறை மிகக் குறுகியது. 1979இலே லோர்னா விங், ஜூடித் கூல்ட் என்னும் இருவர் இலண்டனின் காம்பர்வெல் பகுதியிலே செய்த ஆய்வினால், கனர் கூறிய வரையறைக்குள் அடங்காத பிள்ளைகள் பலர் அதே இடர்ப்பாடுகளை உடையர் என்பது புலனாயிற்று. விங் அம்மையார் 1981இலே அஸ்பேர்கரின் பெயரை ஆங்கில உலகுக்கு அறிமுகஞ் செய்தார். 1994இலே அஸ்பேர்கர் நிலை அக்கைந்நூலிற் சேர்க்கப்பட்டது. 2013இலே பிரிவுகள் யாவும் ஒன்றாக்கப்பட்டு, ‘ஓட்டிச நிறமாலை’ என்னும் ஒரே பெயர் வந்தது. வேலியை அகலப்போட்டால் உள்ளே நிற்கும் மாடுகளின் தொகை கூடும். அதனால் மாடுகள் புதிதாகப் பிறந்தன என்பது பெறப்படாது.

இதனை ஆராய்ந்த நூற்சான்றுகளும் உள. டென்மார்க்கிலே 1980 முதல் 1991 வரை பிறந்த பிள்ளைகளை ஆராய்ந்து 2015இல் வெளியிடப்பட்ட கட்டுரை, அங்கு நேர்ந்த பெருக்கத்தின் 60 வீதத்தை வரையறை மாற்றமும் பதிவுமுறை மாற்றமுமே விளக்கும் என்று காட்டிற்று. அதே ஆண்டிலே சுவீடன் நாட்டு அறிஞர், மருத்துவப் பதிவேட்டிலே எண் ஏறிக்கொண்டிருக்க, பிள்ளைகளிடத்துக் காணப்படும் குறிகளின் அளவு பத்தாண்டுகளாக ஏறத்தாழ ஒரே நிலையில் நின்றமையைக் காட்டினர். முன்னர் ‘மந்தபுத்தி’ என எழுதப்பட்டோர் பின்னர் ஓட்டிசமுடையோர் என எழுதப்பட்டதும், பெண்பிள்ளைகளும் வளர்ந்தோரும் புதிதாகக் கண்டறியப்பட்டதும் எண்ணை உயர்த்தின. பெற்றோரின் வயது கூடியமை, குறைமாதத்திற் பிறந்த குழவிகள் உயிர்பிழைத்தல் முதலிய காரணங்களால் உண்மையான பெருக்கமும் ஒரு சிறிது இருத்தல் கூடும். எனினும், எண் பெருகியமை ஒன்றே நாகரிகத்துக்குச் சான்றாகாது என்பது இதனாற் பெறப்படும்.

மலேரியா தரும் பாடம்

வன்னி மக்கள் மலேரியாவை நன்கறிவர். ஒரு காலத்திலே இங்கே எந்தக் காய்ச்சல் வந்தாலும் அதனை மலேரியா என்றே சொல்லுதல் வழக்கம். ஆயினும் வைத்தியசாலையிலே விரலிற் குத்தி இரத்தம் எடுத்துக் கண்ணாடியின்கீழ் நோக்கிய பின்னரே உண்மை தெரியும். கிருமி உண்டெனின் மலேரியா; இல்லையெனின் வேறு காய்ச்சல். அவ்வுறுதியான முறையினாலேயே நோயைத் தேடித் தேடி ஒழித்து, 2016இலே இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனத்தின் சான்றைப் பெற்றது.

ஓட்டிசத்துக்கு அத்தகைய இரத்தப் பரிசோதனை இல்லை. பயிற்சி பெற்றோர் பிள்ளையை நேரே நோக்கியும், பெற்றோரை வினாவியும், பல குறிகளை ஒருங்குவைத்துமே முடிவு செய்வர். 2013ஆம் ஆண்டுக் கைந்நூலின்படி, பிறரோடு பழகுதலிலும் கருத்தைப் பரிமாறுதலிலும் குறை இருத்தல் வேண்டும். மாறாத பழக்கம், மீண்டும் மீண்டும் ஒரே செயல், ஓசை ஒளி முதலியவற்றிலே மிகையான அல்லது குறைவான உணர்ச்சி என்பவற்றுட் சில இருத்தல் வேண்டும். இவை இளமையிலேயே தொடங்கியிருத்தல் வேண்டும். இவற்றினால் நாளாந்த வாழ்வு உண்மையாகவே தடைப்படுதலும் வேண்டும். இறுதியிற் கூறிய நிபந்தனையையே பலர் மறந்துவிடுகின்றனர். “எல்லாரிடத்தும் கொஞ்சம் ஓட்டிசம் உண்டு” என்பது இக்காலத்து ஒரு பொதுப்பேச்சு. எல்லார்க்கும் எப்போதாவது காய்ச்சல் வரும். அதனால் எல்லார்க்கும் மலேரியா என்னலாகாது. தனிமையை விரும்புதலும், பெட்டகத்தை ஒழுங்காக அடுக்குதலும், கூட்டத்திலே கூச்சப்படுதலும் மானிட இயல்பு. அவை வாழ்வைத் தடுக்கும் எல்லையை அடையும்போதே மருத்துவர் பெயரிடுவர்.

பரிசோதனை கண்ணையும் செவியையும் அனுபவத்தையும் நம்பியிருத்தலின், பிழை நுழைதற்கும் நாகரிகம் நுழைதற்கும் அங்கே வாயில் உண்டு. 1994ஆம் ஆண்டுக் கைந்நூலை ஆக்கிய குழுவின் தலைவராயிருந்த அலன் பிரான்சிஸ் என்பாரே, அப்பதிப்பு வேலியை மிக அகலமாக்கிவிட்டது என்று பிற்காலத்தில் வருந்திக் கூறினார். இதனை மறைத்தல் நேர்மையாகாது.

மூவிடக் கூற்றுக்கள்

இனி, நாகரிகம் என்னும் குற்றச்சாட்டை இலக்கணத்தின் துணைகொண்டு பகுத்து நோக்குவாம். தன்மை, முன்னிலை, படர்க்கை என இடம் மூன்று. ‘யான் ஓட்டிசமுடையேன்’ என்பது தன்மைக் கூற்று. மருத்துவர் ஒருவரை எதிரே இருத்தி ஆராய்ந்து, ‘நீ ஓட்டிசமுடையை’ என்பது முன்னிலைக் கூற்று. ‘அவன் ஓட்டிசமுடையான்’ என அயலார் கூறுதல் படர்க்கைக் கூற்று. மூன்றும் ஒரே சொல்லைக்கொண்டு முடியினும் மூன்றன் மதிப்பும் ஒன்றன்று.

தன்மைக் கூற்றை முதலில் எடுத்துக்கொள்வாம். பாடகி சூசன் பொயில் 2013இலே, தமக்கு அஸ்பேர்கர் நிலை உண்டென வைத்தியர் கூறியதை உலகுக்கு அறிவித்தார். பெருஞ்செல்வர் ஈலோன் மஸ்க் 2021 மே மாதத்தில் ஒரு தொலைக்காட்சி மேடையிலே தமக்கும் அதுவே என்றார். புகழுடையோர் பெயரோடு சேரும்போது எச்சொல்லும் ஒளி பெறுதல் உலகியல்பு. கைத்தொலைபேசியிலே டிக்டொக் முதலிய குறும்படங்கள் அவ்வொளியை மிகுவித்தன. டிக்டொக்கிலே ஓட்டிசம் பற்றிப் பரவிய அறிவுரைப் படங்களை ஆராய்ந்து 2023இல் வெளியான கட்டுரையொன்று, அவற்றுள் 27 வீதமே பிழையற்றவை எனக் கண்டது. எஞ்சியவை பிழையுடையனவோ, சிலர்க்குப் பொருந்துவதை எல்லார்க்கும் ஏற்றுவனவோ ஆம். இவற்றைக் கண்டு தமக்குத் தாமே பெயரிட்டுக்கொள்வோர் உளர் என்பது மெய். அவ்வளவில் நாகரிகம் என்னும் சொல் பொருந்தும்.

ஆயினும் தன்மைக் கூற்று யாவும் பொய்யென்று தள்ளுதல் கொடுமை. இளமையிலே கண்டறியப்படாது, பிறர் செய்வதைப் பார்த்துப் பார்த்துச் செய்து, உள்ளே களைத்து, நாற்பது வயதிலே தம் வாழ்வின் புதிருக்கு விடை கண்டோர் பலர். அவருட் பெண்கள் மிகுதி. இங்கிலாந்திலே 2024இல் மதிப்பீட்டுக்காகக் காத்திருந்தோர் 2,00,000 பேருக்கு மேற்பட்டவர். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலே ஓட்டிச உதவித்திட்டத்திற் பதியப்பட்ட பிள்ளைகள் 60,000 பேருக்கு மேற்பட்டவர்; நம்மூர்ப் பெற்றோர் சிலரும் அந்நிரையிலே ஆண்டுக்கணக்காக நிற்கின்றனர். கதவு திறவாதபோது வெளியே நிற்பவர் தம் பெயரைத் தாமே சொல்லிக்கொள்ளுதல் இயல்பு. அக்கூற்றை முடிந்த விடையாகவன்று, உண்மையான ஒரு வினாவாகக் கொண்டு செவிசாய்த்தலே முறை.

நாகரிகத்தை அறிதற்கு ஓர் உரைகல் உண்டு. பயன் தருமிடத்து அணிந்து, இழப்பு வருமிடத்துக் கழற்றி வைக்கத்தக்கது நாகரிகம். ஓட்டிசமுடைய பிள்ளை அதனைக் கழற்றி வைக்கமாட்டாது. கலியாண வீட்டிலும், பேருந்திலும், பரீட்சை மண்டபத்திலும், தாயின் மடியிலும் அஃது உடன் வரும்.

படர்க்கைக் கூற்றோ மிகப் பொல்லாதது. நாகரிகம் என்னும் பழி முழுதும் உரியதும் இதற்கே. நியூற்றனும் ஐன்ஸ்ரைனும் ஓட்டிசமுடையார் என இறந்தோர்க்குப் பெயரிடுவர் சிலர். எதிரே இருத்தி ஆராய இயலாதவர்க்குப் பெயரிடுதல் மருத்துவமன்று. விளையாட்டு மைதானத்திலே பந்தைத் தவறவிட்ட சிறுவனை இச்சொல்லால் ஏசுதல் நம் மாணவரிடையும் நுழைந்துள்ளது. முன்னாளிலே ‘செவிடன்’, ‘நொண்டி’ என்பன வசையானமை போல இதுவும் வசையாகின்றது. அண்மையிலே ‘தொலைபேசி ஓட்டிசம்’ என்றொரு பேச்சும் எழுந்துள்ளது. அத்தகைய வகையொன்று மருத்துவ வரையறையில் இல்லை. குழந்தை திரையையே நோக்கியிருப்பின் பேச்சுப் பின்தங்கலாம். இரண்டு வயதுக்கு முன்னர்த் திரை வேண்டாவென்று உலக சுகாதார நிறுவனமும் 2019இலே கூறிற்று. ஆயினும் அதனை ஓட்டிசத்தின் காரணமாக்குதல் தாயின்மேற் பழிசுமத்தும் பழைய பிழையின் புதிய வடிவமேயாம்.

அப்பழைய பிழை யாதெனின், அன்பற்ற தாயின் குளிர்ந்த உள்ளமே பிள்ளையை இங்ஙனம் ஆக்கிற்று என்னும் கொள்கை. புறூனோ பெற்றல்ஹைம் என்பார் 1967இலே வெளியிட்ட நூலால் அக்கொள்கை பரவிற்று. தாமே ஓட்டிசமுடைய மகனின் தந்தையான பேர்னாட் றிம்லண்ட் 1964இலேயே அதனை மறுத்திருந்தார். 1977இலே இரட்டைப் பிள்ளைகளை ஆராய்ந்த சூசன் போல்ஸ்ரைன், மைக்கல் றட்டர் என்போர் மரபுவழியே பெருங்காரணம் எனக் காட்டினர். தடுப்பூசியைக் குற்றஞ்சாட்டிய 1998ஆம் ஆண்டுக் கட்டுரையும் 2010இலே அதனை வெளியிட்ட சஞ்சிகையினாலேயே மீளப்பெறப்பட்டது. தாய் குற்றவாளியல்லள், தடுப்பூசியும் குற்றமுடையதன்று. இதனை நமது ஊர்களில் உரத்துச் சொல்லுதல் வேண்டும்.

வன்னியின் நிலை

மேனாட்டிலே எழுந்த ‘நாகரிகம்’ என்னும் வழக்கை அப்படியே நம் மண்ணுக்குக் கொணர்ந்து தீர்ப்புக் கூறுதல் பொருந்துமா? பொருந்தாது. பேராசிரியை ஹேமமாலி பெரேராவும் பிறரும் கொழும்பை அண்டிய ஒரு பகுதியிலே, 18 முதல் 24 மாதம் வரையுள்ள பிள்ளைகளைப் பரிசோதித்து 2009இலே ஆய்வுரை வெளியிட்டனர். 93 பேருக்கு ஒருவர் ஓட்டிசமுடையார் என்பது அதன் முடிபு. அவ்வாய்விலே கருதத்தக்க மற்றொரு செய்தி உண்டு. மேனாட்டு வினாக்கொத்துக்குத் தாய்மார் அளித்த விடைகளை மாத்திரம் நம்பியிருந்தால், ஓட்டிசமுடைய பிள்ளைகளுட் பெரும்பாலோர் தவறவிடப்பட்டிருப்பர். நமது நாட்டுத் தாய்மார் குறையைக் கூட்டிச் சொல்பவர் அல்லர்; குறைத்தே சொல்பவர். பெயரை அணியாகப் பூணும் நாட்டில் இங்ஙனம் நிகழாது.

அவ்வெண்ணை ஓர் அளவாகக் கொள்ளின், ஆயிரம் பிள்ளைகள் உள்ள இடத்திலே ஏறத்தாழப் பத்துப் பேர் இந்நிலையினராக இருத்தல் வேண்டும். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் உள்ள நமது பாடசாலைகளிலே அப்பத்துப் பேர் எங்கே? சிலர் விசேட கல்வி அலகுகளில் இருக்கின்றனர். சிலர் ‘குழப்படிக்காரர்’ என அடி வாங்குகின்றனர். சிலர் பாடசாலைக்கே வராது, வீட்டின் பின்னறையிலே வளர்கின்றனர். காரணம் வெளிப்படை. பெயர் வெளிவந்தால் அக்காளின் கலியாணம் தடைப்படுமோ என்னும் அச்சம். துணுக்காயிலிருந்தோ கொக்கிளாயிலிருந்தோ நிபுணரிடஞ் செல்ல ஒருநாட் கூலியும் பேருந்துச் செலவும் இழக்கும் வறுமை. போய்ச் சேர்ந்தாலும் தவணைக்குத் தவணை தனியே தூக்கிக்கொண்டு திரியும் தாயின் களைப்பு. இங்கே இப்பெயரை எவரும் அலங்காரத்துக்கு அணியார்.

நமது மண்ணுக்கே உரிய மற்றொரு சிக்கலும் உண்டு. 2009ஆம் ஆண்டில் முடிந்த போரின் வடு ஒரு தலைமுறையோடு நீங்கவில்லை. கண்டதை மறக்கமாட்டாத தாய் குழந்தையோடு பேசுதலைக் குறைத்திருத்தல் கூடும். வெடியோசையாற் செவிப்புலன் குன்றினோரும் உளர். 2020, 2021ஆம் ஆண்டுகளிலே கொரோனாவினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, அயற்பிள்ளைகளோடு விளையாடாது வளர்ந்தவரும் உளர். இவருட் பலர் பேசத் தாமதிப்பர்; முகம் நோக்கார்; ஓசைக்கு அஞ்சுவர். குறிகள் ஒத்திருப்பினும் காரணம் வேறு. ஆதலின் இங்கே இருவகைப் பிழையும் நேரக்கூடும்: ஓட்டிசமுடைய பிள்ளையைப் பெயரின்றி விட்டுவிடுதல் ஒன்று, செவி கேளாத பிள்ளைக்கோ அஞ்சிய பிள்ளைக்கோ அப்பெயரைச் சூட்டிவிடுதல் மற்றொன்று. முதலிற் செவிப்புலனைப் பரிசோதித்தல் வேண்டும் என்று வைத்தியர் வற்புறுத்துவது இதனாலேயே.

“தகப்பனும் பிந்தித்தான் கதைத்தவர்” என்று ஆறுதல் கூறுவது நம்மூர் வழக்கு. குமரகுருபர சுவாமிகள் ஐந்து வயதுவரை பேசாதிருந்து பின்னர்ப் பாடினார் என்னும் வரலாற்றையும் எடுத்துக்காட்டுவர். அவ்வரலாற்றைக் கூறுவோர் அதன் ஒரு பகுதியை மறத்தலாகாது. அவர்தம் பெற்றோர் வாளாவிருந்தாரல்லர். பிள்ளையைத் திருச்செந்தூருக்குக் கொண்டுசென்று நோன்பிருந்தனர். முயற்சியே அக்கதையின் பாடம்; காலத்தைக் கழித்தலன்று. வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைத்தலை யாம் குறைகூறோம். நேர்த்தியோடு வைத்தியமும் நடைபெறல் வேண்டும் என்பதே எமது வேண்டுகோள்.

ஆசிரியரும் பெற்றோரும் செய்யத்தக்கவை

திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்திலே, நோயுற்றவர், மருத்துவர், மருந்து, உடனிருந்து உதவுவோர் என நாற்கூறும் கூடியதே மருத்துவம் எனக் கொண்டார். ஓட்டிசத்தை மாற்றும் மருந்து இல்லை. ஆயின் பயிற்சி உண்டு. அப்பயிற்சியை நாள்தோறும் செய்விப்போர் பெற்றோரும் ஆசிரியருமாதலின் நான்காங் கூறே இங்குப் பெரிதாம்.

பெற்றோர் சில எல்லைகளை மனத்திலிருத்துதல் நன்று. ஒரு வயது நிறைந்தும் பெயர் சொல்லி அழைத்தாற் றிரும்பாமை, விரலாற் சுட்டிக் காட்டாமை, மழலை பேசாமை. பதினாறு மாதமாகியும் ஒரு சொல்லேனும் பேசாமை. இரண்டு வயதாகியும் இருசொற் றொடர் பேசாமை. எவ்வயதிலாயினும் பேசிய பேச்சை இழத்தல். இவற்றுள் ஒன்று காணப்படினும், பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு குடும்பநல உத்தியோகத்தரையோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையையோ நாடுதல் வேண்டும். இவை ஓட்டிசம் என்று தீர்மானிப்பன அல்ல. ஆராய்தற்குக் காரணம் உண்டென்று அறிவிப்பன மாத்திரமே.

ஆசிரியர் பெயரிடுதல் ஆகாது. நோக்கிக் குறித்தல் வேண்டும். ‘இப்பிள்ளை ஓட்டிசம்’ என்று மாணவர் அறிக்கையில் எழுதுவதிலும், ‘மணியடிக்கும்போது செவிகளைப் பொத்துகின்றான், வரிசை மாறினால் அழுகின்றான், கேட்ட வினாவையே திருப்பிச் சொல்கின்றான், எண்களை விரைவாகக் கூட்டுகின்றான்’ என எழுதுதல் மருத்துவர்க்கும் பயன்படும், பிள்ளைக்கும் தீங்கு செய்யாது. முன்னது இடுகுறி, பின்னது காரணம். வகுப்பிலும் சிறு மாற்றங்கள் போதும். நாளின் பாடவரிசையைப் படமாக வரைந்து ஒட்டுதல், கட்டளையைச் சுருங்கிய சொல்லிற் கூறுதல், மணியோசைக்கு முன் அறிவித்தல், ஆரவாரம் மிகும்போது ஒதுங்கியிருக்க ஓரிடந் தருதல் என்பன பணச்செலவில்லாதவை. இவை பெயர் பெறாத பிள்ளைகளுக்கும் நன்மையே செய்யும். ஆதலின் உதவி செய்தற்குச் சான்றிதழ் வரும்வரை காத்திருத்தல் வேண்டா.

மாணவர்க்கு ஒரு சொல். இப்பெயரை வசையாக வழங்காதீர்கள். உங்கள் வகுப்பிலே தனித்திருப்பவன் தனிமையை விரும்பியே இருக்கின்றான் என்று முடிவு செய்யாதீர்கள். விளையாட்டுக்கு அழைத்துப் பாருங்கள். மறுத்தால் மற்றொரு நாளும் அழையுங்கள்.

முடிபு

இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படுவன இவை. ஓட்டிசம் என்னும் நிலை நாகரிகமன்று; சொல்லே நாகரிகமாயிற்று. எண் பெருகியதற்குப் பெருங்காரணம் வேலி அகன்றமையும் கண் திறந்தமையுமாம். தன்மைக் கூற்றிலே சிறிது புதுமோகம் கலந்துள்ளது. படர்க்கைக் கூற்றிலே பெரிதும் கலந்துள்ளது. இரண்டுக்கும் மாற்று ஒன்றே: பயின்றவர் எதிரிருந்து ஆராய்ந்து கூறும் முன்னிலைக் கூற்று எல்லார்க்கும் எளிதிற் கிடைத்தல் வேண்டும். உண்மையான மதிப்பீடு அரிதாகுமிடத்தே பொய்யான பெயர்கள் மலியும்.

நாகரிகம் என்று இகழும் பேச்சினால் உண்மையில் நாணுபவர் பொய்யாகப் பெயர் பூண்டவர் அல்லர். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வைத்தியசாலைக்குப் போவதா விடுவதா என்று முற்றத்திலே தயங்கி நிற்கும் தாயே நாணுகின்றாள். அவளைத் திரும்பிப் போகச் செய்யும் எச்சொல்லும் நம் வாயினின்று வருதல் ஆகாது.

இவ்விழா மலரைக் கையிலேந்தும் பழைய மாணவர் பலர் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் வாழ்கின்றனர். அந்நாடுகளிலே ஓட்டிசமுடைய தம் பிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சியும் தொழில்வழிப் பயிற்சியும் பெற்றுக்கொடுத்த அனுபவமும் அவருட் சிலர்க்கு உண்டு. கல்லூரிக்கு வளைவும் மேடையும் அமைத்துத் தந்த நன்றி மறக்கற்பாலதன்று. அவற்றோடு, ஆசிரியர் இருவர் மூவரை முறையான பயிற்சிக்கு அனுப்புதற்கும், மாதம் ஒருமுறையேனும் பேச்சுப் பயிற்சியாளர் ஒருவரை ஊருக்கு வரவழைத்தற்கும், ஓசை குறைந்த ஒரு சிறு அறையை அமைத்தற்கும் உதவுவாராயின், ஆயிரத்திற் பத்தாக மறைந்திருக்கும் அப்பிள்ளைகள் கல்லூரியின் பெயர்ப்பதிவேட்டிலே இடம்பெறுவர். அடுத்த விழா மலரிலே அவருள் ஒருவரேனும் பழைய மாணவராக எழுதுதல் வேண்டும் என்பது எமது விருப்பம்.